சாயப் பட்டறையிலிருந்து சலைன் பாட்டில் வரை

மலர்க் குழுவிலிருந்து போன் செய்தவர்கள் எடுத்த எடுப்பிலேயே ஒரு நிபந்தனை போட்டார்கள். "அண்ணா, ஹாஸ்டல் மெஸ் சாம்பாரைப் பத்தி மட்டும் எழுதிடாதீங்க, ஏற்கெனவே நாலு பேர் எழுதிக் குடுத்துட்டாங்க." சரி, சாம்பாரை விட்டுவிடுகிறேன். 1974-இல் வேதியியல் முடித்து வெளியே போனதிலிருந்து எனக்குச் சோறு போட்ட ஒரு வேதிப்பொருளைப் பற்றியும், அதன் குடும்பத்தில் பிறந்த மருந்துகளைப் பற்றியும் எழுதுகிறேன். முற்றிய புற்றுநோயில் இரத்தத்தில் கால்சியம் ஏறிப்போகும் ஆபத்துக்கு உலகம் முழுக்க இன்று கொடுக்கப்படும் மருந்துகள் அவை. வரலாற்றுக் கட்டுரை கேட்டார்கள். இதுவும் வரலாறுதான், ராஜா ராணி மட்டும் இல்லை.

கால்சியத்துக்கு நம்ம ஊரில் இன்னும் சுண்ணாம்புச் சத்து என்றுதான் பெயர். மதுக்கரையில் 1930களிலேயே சிமெண்டு ஆலை வரக் காரணமான சுண்ணாம்புக் கல்லும், வெற்றிலையில் தடவுகிற சுண்ணாம்பும், ராகிக் களியில் இருக்கும் சத்தும் அடிப்படையில் ஒரே தனிமம். வளர்ந்த மனித உடம்பில் ஏறக்குறைய ஒரு கிலோ கால்சியம் உண்டு. அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும் பத்திரமாகப் பூட்டி வைக்கப்பட்டிருக்கிறது. இரத்தத்தில் ஓடுவது 100 மில்லிலிட்டருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் மட்டும். இந்தச் சின்ன அளவை உடம்பு காவல்காரன் மாதிரி காக்கிறது. குறைந்தால் கை கால் இழுத்துக்கொள்ளும். கூடினால் என்ன ஆகும் என்பது பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரியாது. எங்கள் குடும்பத்துக்கும் 2009 வரை தெரியாது.

அதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கோவைக்காரர்கள் சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பெருமை பேசாமல் ஒரு வாக்கியம் முடிக்க மாட்டார்கள். ஆனால் கிழக்கே அவிநாசி தாண்டிவிட்டால் கதை வேறு. போர்வெல்லில் வருவது சப்பைத் தண்ணி. பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது, பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். இரண்டாம் ஆண்டு லேபில் எல்லோரும் செய்திருப்போமே, தண்ணீரின் கடினத்தன்மை காணும் சோதனை? பியூரெட்டில் ஈ.டி.டி.ஏ., கூம்புக் குடுவையில் ஒயின் சிவப்பு, ஒரு சொட்டில் நீலம். அந்தச் சோதனையை நான் பிறகு முப்பது வருடம் தினமும் செய்தேன், மார்க் இல்லாமல், சம்பளத்துக்கு.

ஈரோட்டிலும் திருப்பூரிலும் சாயப் பட்டறைகளுக்கு, சலவைப் பட்டறைகளுக்கு வேண்டிய துணைப்பொருள்கள் விற்கும் கம்பெனிகளில் எனக்கு வேலை. கோராத் துணியை ஹைட்ரஜன் பெராக்சைடு போட்டு வெளுக்கும்போது தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் இருந்தால் துணி சொரசொரப்பாகும். இரும்புத் துகள் ஒன்று ஒட்டியிருந்தால் அந்த இடத்தில் பெராக்சைடு வெறிகொண்டு சிதைந்து பனியன் துணியில் ஊசி ஓட்டை விழும். இவற்றையெல்லாம் பிடித்துக் கட்டிவைக்க ஒரு பொருள் வேண்டும். அதுதான் எச்.இ.டி.பி. என்று நாங்கள் சொல்லும் ஹைட்ராக்சி ஈத்தேன் டைபாஸ்போனிக் அமிலம். 60 சதவீதக் கரைசலாக பிளாஸ்டிக் கேனில் வரும். பாய்லரில் உப்புப் படியாமல் இருக்கவும் அதையே போடுவோம். அதன் சிறப்பு என்னவென்றால், தண்ணீரில் உள்ள கால்சியத்துக்குச் சரிக்குச் சரி போட வேண்டியதில்லை. பத்து லட்சத்தில் சில பங்கு போதும். படிகம் முளைவிடும் இடத்திலேயே போய் உட்கார்ந்துகொண்டு வளரவிடாமல் தடுத்துவிடும். சின்னக் குழந்தை வாசலில் உட்கார்ந்து பெரிய கல்யாணக் கூட்டத்தையே நிறுத்துகிற மாதிரி!

இனி அக்கா கதை. அக்காவைக் கோபி பக்கத்தில் ஒரு கிராமத்தில் கொடுத்திருந்தது. தோட்டம், எருமை, வாழை, மஞ்சள். 2006-இல் மார்பில் கட்டி என்று தெரிந்து ஆபரேஷன், கதிர்வீச்சு, மாத்திரை எல்லாம் ஆயிற்று. மூன்று வருடம் நன்றாகத்தான் இருந்தார்கள். 2009 தை மாதத்துக்குப் பிறகு இடுப்பு வலி. எலும்புக்குப் பரவிவிட்டது என்றார்கள். அதற்கும் மாத்திரை மாற்றினார்கள், நடமாடிக்கொண்டுதான் இருந்தார்கள். பிறகு ஒரு பத்து நாளில் ஆளே மாறிப் போனார்கள். முதலில் மலச்சிக்கல். பிறகு குமட்டல், சோறு பிடிக்கவில்லை. தண்ணீர் தண்ணீர் என்று கேட்டார்கள், மணிக்கு ஒருதரம் சிறுநீர். அப்புறம் தூக்கம், பிதற்றல். மாமாவைப் பார்த்து "ஏனுங், நீங்க யாருங்" என்று கேட்டதும் மாமா திண்ணையில் போய் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளூரில் ஒரு நர்சிங் ஹோமில் இரண்டு நாள் வைத்திருந்து, "மூளைக்கு ஏறியிருக்கும், ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க" என்று சொல்லிவிட்டார்கள். ஒறம்பரை எல்லாம் வந்து சேர்ந்துவிட்டது. வாசலில் பெஞ்சு கூடப் போட்டாகிவிட்டது. சின்ன மருமகன்தான் பிடிவாதமாக, "ஒருதரம் கோயமுத்தூர்ல காட்டிட்டு வந்துர்லாம் மாமா" என்று காரைக் கொண்டு வந்து நிறுத்தினான். அங்கே ஒரு இளம் டாக்டர், எங்கள் பெண் வயதுதான் இருக்கும், இரத்தத்தில் கால்சியம் பார்க்கச் சொன்னார். 15.2 என்று வந்தது.

"மூளைக்கு ஏறலைங்க. சுண்ணாம்புச் சத்து ஏறியிருக்கு. இதை இறக்கலாம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை நான் இன்னும் அப்படியே ஞாபகம் வைத்திருக்கிறேன்.

முதல் நாள் முழுக்க சலைன். சாயங்காலம் ஒரு சின்னக் குப்பியிலிருந்த மருந்தை 100 மில்லி சலைனில் கலந்து பதினைந்து நிமிடத்தில் ஏற்றினார்கள். அவ்வளவுதானா என்று எனக்கு ஒரு சந்தேகம். மூன்றாம் நாள் கண்ணை நன்றாகத் திறந்து பார்த்தார்கள். நாலாம் நாள் காலையில் காபி கேட்டார்கள். கேட்டுவிட்டு, "எருமைக்குத் தண்ணி காட்டுனாங்களா, இல்ல எல்லாரும் இங்கியே வந்து குந்தீட்டீங்களா?" என்று அதட்டினார்கள். மாமா சிரித்தாரா அழுதாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

காலிக் குப்பியைக் கையில் வாங்கிப் பார்த்தேன். சோலெட்ரோனிக் அமிலம், 4 மில்லிகிராம். தொழில் புத்தி விடுமா? வீட்டுக்கு வந்து அதன் கட்டமைப்பைத் தேடிப் பார்த்தால், நான் முப்பது வருடமாக கேன் கேனாக விற்ற அதே உருவம்! நடுவில் ஒரு கார்பன், அதன் இரு கையிலும் இரண்டு பாஸ்போனேட், மூன்றாவது கையில் ஒரு ஹைட்ராக்சில். எச்.இ.டி.பி.யில் நாலாவது கையில் சாதாரண மெத்தில் தொகுதி. இதில் அந்த மெத்திலின் ஒரு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு ஒரு இமிடசோல் வளையத்தை மாட்டியிருக்கிறார்கள். வேறு எந்த வித்தியாசமும் இல்லை. சலவைப் பட்டறையில் நான் பார்த்த அண்ணனுக்குக் கோட்டும் டையும் மாட்டிவிட்ட தம்பி மாதிரி இருந்தது. அன்றிலிருந்து இந்த வரலாற்றைத் துருவிப் படித்தேன்.

புற்றுநோயில் ஏன் கால்சியம் ஏறுகிறது என்ற கேள்விக்கு முதலில் சரியான திசையைக் காட்டியவர் ஃபுல்லர் ஆல்பிரைட். பாஸ்டன் நகரத்து மாசசூசெட்ஸ் ஜெனரல் மருத்துவமனைக்காரர். 1941-இல் சிறுநீரகப் புற்றுநோய் கொண்ட ஒரு நோயாளியின் விவரம் விவாதத்துக்கு வந்தது. எலும்பில் ஒரே ஒரு இடத்தில்தான் பரவல், ஆனால் கால்சியம் எகிறியிருக்கிறது, பாஸ்பேட் இறங்கியிருக்கிறது. ஒரு ஓட்டைக்கு இவ்வளவு சுண்ணாம்பு கரையாதே! கழுத்திலுள்ள பாராதைராய்டு சுரப்பி சுரக்கும் ஹார்மோன் மாதிரி ஏதோ ஒன்றைக் கட்டியே சுரக்கிறது போலும் என்று அவர் சொன்னார். அந்த "மாதிரி ஏதோ ஒன்று" கையில் கிடைக்க 46 வருடம் ஆயிற்று. 1987-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் குழுவும் அமெரிக்கக் குழுக்களும் அந்தப் புரதத்தைப் பிரித்தெடுத்தார்கள். பாராதைராய்டு ஹார்மோன் சார்ந்த புரதம் என்று பெயர் வைத்தார்கள். கால்சியம் ஏறும் புற்றுநோயாளிகளில் ஏறக்குறைய நூற்றுக்கு எண்பது பேருக்கு இதுதான் காரணம். நுரையீரல், சிறுநீரகம், வாய், தொண்டை இந்த இடத்துக் கட்டிகள் இதை அதிகம் சுரக்கும். வெற்றிலை புகையிலை போடும் நம்ம பக்கத்து வாய்ப் புற்றுக்கும் இது சொந்தக்காரன் என்று புரிந்துகொள்ளலாம். மீதிப் பேருக்கு எலும்புக்குள்ளேயே கட்டி உட்கார்ந்து அரிப்பது காரணம். அக்காவுக்கு இதுவாகத்தான் இருக்கும் என்றார் டாக்டர்.

இரண்டு வழியிலும் அரிப்பு வேலை செய்வது ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற எலும்பரிக்கும் செல்கள்தான். எலும்பு கரைந்து சுண்ணாம்பு இரத்தத்துக்கு வருகிறது. ஏறிய கால்சியம் சிறுநீரகத்தின் தண்ணீர் பிடித்து வைக்கும் சக்தியைக் கெடுக்கிறது. சிறுநீர் கொட்டுகிறது, உடம்பு வறள்கிறது, வறண்ட உடம்பில் சிறுநீரகம் கால்சியத்தை வெளியேற்ற முடியாமல் திணறுகிறது, கால்சியம் இன்னும் ஏறுகிறது. செக்கு மாடு சுற்றுகிற மாதிரி சுற்றிச் சுற்றி அதே இடம். அதனால்தான் பத்தே நாளில் ஆள் கவிழ்ந்து போகிறார்.

மருந்துகளின் வரலாறு கொஞ்சம் பயங்கரமானது. 1950களில், நமது பியூரெட்டில் ஊற்றினோமே அதே ஈ.டி.டி.ஏ.வின் சோடியம் உப்பை நரம்பில் ஏற்றிப் பார்த்திருக்கிறார்கள்! கால்சியத்தைப் பிடித்தது உண்மைதான், சிறுநீரகத்தையும் சேர்த்துப் பிடித்துவிட்டது. 1960களின் நடுவில் பாஸ்பேட்டை நரம்பில் ஏற்றினார்கள். கால்சியம் மளமளவென்று இறங்கியது. எங்கே போனது? கால்சியம் பாஸ்பேட்டாக சிறுநீரகத்திலும் மற்ற மெல்லிய உறுப்புகளிலும் போய்ப் படிந்தது. அளவுகோலில் வெற்றி, ஆளுக்கு ஆபத்து. பாய்லர் வேலை பார்த்தவனுக்கு இதைப் படிக்கும்போதே பகீரென்கிறது. மித்ராமைசின் என்ற நச்சு மருந்து, கட்டியைக் கரைக்க வந்தது, கால்சியத்தை இறக்குகிறது என்று 1960களில் கண்டார்கள். இரண்டு நாளில் நன்றாக வேலை செய்யும், ஆனால் ஈரல் கெடும், இரத்தக் கசிவு வரும். வேறு வழியில்லாமல் பல வருடம் அதைத்தான் கொடுத்தார்கள். 2000-இல் அதன் தயாரிப்பே நின்றது.

கனடாவின் ஹெரால்டு கோப் 1960களின் தொடக்கத்தில் கண்டுபிடித்த கால்சிட்டோனின் ஹார்மோன் கொஞ்சம் சாது. சால்மன் மீனின் கால்சிட்டோனின் மனிதனுடையதைவிட வலுவானது என்பது இயற்கையின் வேடிக்கை. ஊசி போட்ட சில மணி நேரத்தில் வேலை ஆரம்பிக்கும், ஆனால் இரண்டு நாளில் உடம்பு பழகிக்கொள்ளும். இன்றும் அவசரத்துக்குக் கொடுக்கிறார்கள். மெதுவான மருந்து வந்து சேரும்வரை வாசலில் நிற்கும் வாட்ச்மேன்!

இதில் என்னை யோசிக்க வைத்தது ஃப்ரூசமைடு என்ற சிறுநீர் மருந்தின் கதை. சலைனோடு இதையும் அதிக அளவில் கொடுத்தால் கால்சியம் சிறுநீரில் போகும் என்று 1970-இல் ஒரு கட்டுரை வந்தது. விரல் விட்டு எண்ணக்கூடிய நோயாளிகள், மணிக்கணக்கில் கண்காணிப்பு. அதைப் பாடப்புத்தகங்கள் எடுத்துக்கொண்டன, வார்டுகள் எடுத்துக்கொண்டன. ஒரு தலைமுறை முழுக்க யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. 2008-இல் பழைய ஆதாரங்களைத் தோண்டிப் பார்த்தவர்கள், நம்பிக்கை அளவுக்கு ஆதாரம் இல்லை, வறண்ட ஆளை மேலும் வறட்டுவதுதான் மிச்சம் என்று எழுதினார்கள். இப்போது சலைன் அதிகமாகி மூச்சுத் திணறினால்தான் அதைத் தொடுகிறார்கள். புத்தகத்தில் இருக்கிறது என்பதற்காகக் கேள்வி கேட்காமல் விடக்கூடாது என்று நம்ம துறைத்தலைவர் சொல்வாரே, அப்போது நாம் கடைசி பெஞ்சில் சிரித்தோம்.

இப்போது நம்ம எச்.இ.டி.பி. குடும்பத்துக்கு வருகிறேன். இந்தச் சேர்மங்கள் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியில் தயாரிக்கப்பட்டவை. நூறு வருடம் இவற்றுக்கு மருத்துவத்தில் வேலையே இல்லை. துணி ஆலை, உரம், எண்ணெய்த் தொழில் என்று சுற்றிக்கொண்டிருந்தன. இவற்றின் மூத்த உறவினர் பாலிபாஸ்பேட்டுகள். 1930களில் அமெரிக்காவில் 'கால்கான்' என்று ஒரு மென்னீராக்கி வந்தது. பெயரின் பொருளே கால்சியம் போச்சு என்பதுதான். பெயர் வைத்தவர் நம்ம ஊர்க்காரராக இருந்திருக்கலாம்!

ஹெர்பர்ட் ஃப்ளைஷ் என்ற சுவிட்சர்லாந்து மருத்துவர், 1960-ஐ ஒட்டி அமெரிக்காவின் ராச்செஸ்டரில் வில்லியம் நியூமனோடு ஒரு எளிமையான கேள்வியை எடுத்துக்கொண்டார். இரத்தத்திலும் சிறுநீரிலும் கால்சியமும் பாஸ்பேட்டும் இவ்வளவு இருந்தும், நம் உடம்பு முழுக்க ஏன் கல்லாகிவிடவில்லை? யாரோ தடுக்கிறார்கள். தேடிப் பிடித்ததில், தடுப்பவர் பைரோபாஸ்பேட். அதாவது பாலிபாஸ்பேட் குடும்பத்தின் கடைக்குட்டி. பாய்லரில் படிவைத் தடுக்கும் அதே தந்திரத்தை உடம்பு நமக்கு முன்பே செய்துகொண்டிருந்தது. சரி, அதையே மருந்தாகக் கொடுக்கலாமே என்றால், வயிற்றில் உள்ள நொதிகள் அதன் பாஸ்பரஸ்–ஆக்சிஜன்–பாஸ்பரஸ் பிணைப்பை வெட்டிவிடுகின்றன. வெட்ட முடியாத ஒன்று வேண்டும். நடுவில் ஆக்சிஜனுக்குப் பதில் கார்பன் இருந்தால் எந்த நொதிக்கும் அது அகப்படாது. அந்த மாதிரிப் பொருள், சோப்புத்தூள், பற்பசை செய்யும் ப்ராக்டர் அண்ட் கேம்பிள் கம்பெனியிடம் ஏற்கெனவே இருந்தது. அங்கிருந்த மரியன் ஃபிரான்சிஸ், சுவிட்சர்லாந்தில் ஃப்ளைஷ், அவரோடு கிரஹாம் ரஸ்ஸல் மூவரும் சேர்ந்து 1969-இல் 'சயின்ஸ்' இதழில் இரண்டு கட்டுரைகள் வெளியிட்டார்கள். முதலாவது, இந்தப் பொருள் சுண்ணாம்புப் படிகம் வளர்வதைத் தடுக்கிறது என்றது. அது எதிர்பார்த்ததுதான். இரண்டாவதுதான் யாரும் எதிர்பாராதது: ஏற்கெனவே உள்ள படிகம் கரைவதையும், எலும்பு அரிபடுவதையும் தடுக்கிறது!

படிவைத் தடுக்கப் போன பொருள், கரைவையும் தடுத்தது. நமது பட்டறைப் பாஷையில் சொன்னால், முளைவிடும் படிகத்தின் மேல் உட்கார்ந்து வளரவிடாமல் செய்வது போலவே, எலும்பின் படிகத்தின் மேல் உட்கார்ந்து கரையவும் விடாமல் செய்கிறது. அந்த முதல் மருந்தான எட்டிட்ரோனேட் வேறு எதுவுமில்லை, எச்.இ.டி.பி.யின் சோடியம் உப்பேதான். 1969-லேயே, தசைகள் எலும்பாக மாறும் அபூர்வ நோயுள்ள ஒரு குழந்தைக்குக் கொடுத்துப் பார்த்தார்கள்.

இதே குடும்பத்துப் பொருளில் கதிரியக்க டெக்னீசியத்தைக் கட்டி உடம்பில் செலுத்தினால் அது எலும்பைத் தேடிப் போய் ஒட்டும், புற்று பரவிய இடம் படத்தில் கருப்பாகத் தெரியும். இன்றைய போன் ஸ்கேன் அதுதான். 1970களில் இந்தப் பொருள்களை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் நியூயார்க் மாநிலத்தின் சிரக்யூசில் பணியாற்றிய கோபால் சுப்பிரமணியன். பெயரைப் படித்ததும் எனக்கு ஒரு சந்தோஷம், நம்ம பக்கத்துப் பெயர் மாதிரி இருக்கிறதே என்று.

எட்டிட்ரோனேட்டுக்கு ஒரு குறை: அதிகம் கொடுத்தால் புது எலும்பு இறுகுவதையும் தடுத்துவிடும். நாலாவது கையை மாற்றிப் பார்க்கும் போட்டி தொடங்கியது. நெதர்லாந்தின் லைடனில் ஓலாவ் பைஃபூட் குழுவினர் 1970களின் இறுதியில் பமிட்ரோனேட்டை நோயாளிகளுக்குக் கொண்டுவந்தார்கள். கையின் நுனியில் ஒரு நைட்ரஜன். அந்த ஒரு நைட்ரஜன் விலங்குச் சோதனையில் வலுவை நூறு மடங்கு ஆக்கிவிட்டது. 1991-இல் புற்றுநோய்க் கால்சியத்துக்காக அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. அதன்பின் சோலெட்ரோனேட், எட்டிட்ரோனேட்டைவிடப் பத்தாயிரம் மடங்கு. ஏன் இவ்வளவு வலு என்பது 1990களின் இறுதியில்தான் புரிந்தது. நைட்ரஜன் உள்ளவை படிகத்தின் மேல் உட்காருவதோடு நிற்பதில்லை. எலும்பை அரிக்க வரும் செல் அதையும் சேர்த்து விழுங்குகிறது, உள்ளே போனதும் கொழுப்புத் தயாரிக்கும் ஒரு நொதியை அது முடக்கிவிடுகிறது. திருடன் தின்ற சோற்றிலேயே விஷம்!

2001-இல் வந்த ஒப்பீட்டில் 4 மில்லிகிராம் சோலெட்ரோனேட் ஏற்றியவர்களில் நூற்றுக்கு 88 பேருக்குப் பத்து நாளில் கால்சியம் சரியாகியிருந்தது. பமிட்ரோனேட்டில் 70 பேர். பலன் நின்ற காலமும் நடுவாக 32 நாள், 18 நாள் என்று கிட்டத்தட்ட இரட்டை. அந்த வருடமே அமெரிக்காவில் அனுமதி.

நம் நாட்டுக்கு இது எப்படிச் சீக்கிரம் வந்தது? 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தால்தான். மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, தயாரிக்கும் முறைக்கு மட்டும்தான் என்றது அந்தச் சட்டம். 2005-இல் அது மாறும்வரை நம்ம வேதியியல் பட்டதாரிகள் வேறு வழியில் அதே மூலக்கூறைச் செய்து பாதிக்கும் கீழான விலைக்குக் கொடுத்தார்கள். அக்காவுக்கு ஏற்றிய குப்பியும் இந்தியக் கம்பெனியுடையதுதான். ஆனாலும் 2009-இல் சில ஆயிரம் ரூபாய். தோட்டத்துக்காரர்களுக்குப் புரட்டிவிடக்கூடிய தொகை, தோட்டத்தில் கூலிக்கு வருபவர்களுக்கு? இந்தக் கேள்வியை யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். 2017-இல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சோலெட்ரோனிக் அமிலத்தைச் சேர்த்தது. விலையும் பிறகு நன்றாகக் குறைந்தது.

ஒரு காலத்தில் கொங்கு நாட்டுப் புற்றுநோயாளி என்றால் ரயிலேறி மெட்ராஸ் போக வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த 1923-ஆம் வருடத்தை மறக்காமல், முப்பது வருடம் போராடி 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். இன்று கோவையிலேயே கதிர்வீச்சும் மருந்தும் ஆய்வகமும் இருக்கின்றன. சாதனம் பக்கத்தில் வந்துவிட்டது, சந்தேகம் வருவதுதான் இன்னும் தாமதமாகிறது.

எந்த மருந்துக்கும் மறுபக்கம் உண்டு. 2003-இல் மயாமியைச் சேர்ந்த ராபர்ட் மார்க்ஸ் என்ற தாடை அறுவை மருத்துவர், இந்த மருந்துகள் ஏற்றிய 36 பேருக்குத் தாடை எலும்பு ஆறாமல் வெளியே தெரிந்ததை எழுதினார். 19-ஆம் நூற்றாண்டில் வெள்ளைப் பாஸ்பரஸ் தீப்பெட்டித் தொழிலாளிகளுக்கு வந்த தாடை நோயின் அதே முகம். அந்தப் பாஸ்பரஸைத் தடைசெய்து நாடுகள் ஒப்பந்தம் போட்டது 1906-இல், சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில். ஃப்ளைஷ் பேராசிரியராக இருந்ததும் அதே பெர்னில்தான். வரலாறு சிலசமயம் ஒரே தெருவில் இரண்டுமுறை நடக்கிறது. அதனால் மாதாமாதம் ஏற்றிக்கொள்பவர்கள் முதலில் பல் டாக்டரைப் பார்க்க வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு இந்த மருந்து எளிதல்ல. அப்படிப்பட்டவர்களுக்கும், இதற்கு அடங்காதவர்களுக்கும் டெனோசுமாப் என்ற எதிர்ப்புரத ஊசி இருக்கிறது. இந்தக் காரணத்துக்காக 2014-இல் அமெரிக்க அனுமதி பெற்றது. அது நம்ம குடும்பம் இல்லை, வேறு வம்சம்.

டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட இரண்டு விஷயங்களை மாணவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். புற்றுநோயாளியின் உடம்பில் ஆல்புமின் குறைந்திருக்கும், அதனால் ரிப்போர்ட்டில் வரும் கால்சியம் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். ஆல்புமின் 4-க்குக் கீழே குறையும் ஒவ்வொரு கிராமுக்கும் 0.8 கூட்டிக்கொள்ள வேண்டும். கால்சியம் 11.2, ஆல்புமின் 2.5 என்றால் உண்மைக் கணக்கு 12.4. இரண்டாவது, சாப்பாடு. கால்சியம் ஏறிவிட்டது என்றதும் எங்கள் வீட்டில் முதல் வேலையாகப் பாலையும் ராகிக் களியையும் நிறுத்தினார்கள். ராகியில் 100 கிராமுக்குச் சுமார் 340 மில்லிகிராம் கால்சியம் உண்டுதான். ஆனால் இங்கே சுண்ணாம்பு வருவது தட்டிலிருந்து இல்லை, எலும்பிலிருந்து. கால்சியம் மாத்திரை, வைட்டமின் டி மாத்திரை இருந்தால் டாக்டரிடம் சொல்லி நிறுத்த வேண்டும். சில வகை நிணநீர்ப் புற்றுகளில் மட்டும் கதை வேறு. மற்றபடி பசியே இல்லாத ஆளிடமிருந்து பிடித்த களியைப் பிடுங்குவது கொடுமை.

இந்த மருந்து புற்றுநோயைத் தொடுவதில்லை, கால்சியத்தை மட்டும் இறக்குகிறது. அக்காவுக்கு அதன்பின் ஐந்து மாதம் கிடைத்தது. அந்த ஐந்து மாதத்தில் ஆறு வருடமாகப் பேசாமல் இருந்த பெரிய மகனைக் கூப்பிட்டு, பாகப்பிரிவினைக்குக் கையெழுத்துப் போட்டு, பேத்தி சீருக்கு உட்கார்ந்து பார்த்தார்கள். இரண்டு மாதம் கழித்து மறுபடி ஏறியது, மறுபடி ஏற்றினோம். அப்போதே தெளிவாக இருக்கும்போது அக்கா சொன்னார்கள்: "அடுத்த தடவ இந்த பாட்டல் வேண்டாங் கண்ணு. வலி இல்லாம மட்டும் பாத்துக்கோங்க." டாக்டரும் மறுக்கவில்லை. மூன்றாவது முறை ஏறியபோது கால்சியத்துக்கென்று எதுவும் செய்யவில்லை, மார்பின் மட்டும் கொடுத்தார்கள், தூக்கத்திலேயே போய்விட்டார்கள். முதல்முறை வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னதும், மூன்றாம் முறை வீட்டிலேயே வைத்துக்கொண்டதும் வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்றுபோலத்தான் தெரிந்திருக்கும். முதல்முறை காரணம் தெரியாமல் கைவிட்டது. மூன்றாம் முறை தெரிந்து, அவர்களே சொல்லி விட்டது.

2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் நொய்யல் மாசுக்காகத் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை மூட உத்தரவிட்டபோது நானும் வேலையை முடித்துக்கொண்டேன். ஃப்ளைஷ் 2007-இல் காலமாகிவிட்டார். இருந்திருந்தால் ஒரு கடிதம் போட்டிருப்பேன், ஈரோட்டிலிருந்து ஒரு கேன்காரன் என்று.

சங்கமத்தன்று எச்.இ.டி.பி., சோலெட்ரோனிக் அமிலம் இரண்டின் மூலக்கூறு மாடல்களையும் செய்து கொண்டு வருகிறேன், வேதியியல் துறை வராந்தாவில் வைத்திருப்பேன். மாணவர்கள் வந்து கழற்றி மாட்டிப் பார்க்கலாம். ஊர்ப் போர்வெல் தண்ணீர் ஒரு பாட்டில் கொண்டு வருபவர்களுக்குக் கடினத்தன்மை சோதித்துச் சொல்வேன். பியூரெட் மட்டும் துறையிலிருந்து கொடுத்தால் போதும்.